மருத்துவ உளவியலில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி

மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பற்றித்தான். இத்தனை சதவீதம் போதுமா, ஜிஆர்இ என்னும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுத வேண்டுமா, எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். இவை தேவையான கேள்விகளே. ஆனால் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இவற்றால் மட்டும் முடிவாவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பி.எச்.டி. திட்டங்களில் பெரும்பாலானவை ஒரு மாணவரை ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்காகவே தேர்ந்தெடுக்கின்றன. அந்தப் பேராசிரியர் ஓர் ஆண்டில் ஒருவரை, மிஞ்சினால் இருவரைத்தான் எடுப்பார். சில ஆண்டுகளில் எவரையும் எடுக்கமாட்டார். எடுத்தவரை ஐந்தாறு ஆண்டுகள் நெறிப்படுத்தும் பொறுப்பும் அவருடையது. ஆகவே உங்கள் நோக்கக் கட்டுரை, தன்விவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் ஆகிய எல்லாம் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆய்வை, இந்த நெறியாளரிடம், நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?

இக்கட்டுரை அமெரிக்க, கனடியத் திட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிரிட்டனில் மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சி மூன்றாண்டுக் காலம் நடப்பது. அதற்கான விண்ணப்பங்கள் லீட்ஸ் நகரில் உள்ள ஒரு பொது மையத்தின் வழியாகச் செல்கின்றன. அங்கே நடைமுறையே வேறு.

எந்தப் பட்டம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஆய்வும் சிகிச்சையும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்ற பயிற்சி முறை 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் வகுக்கப்பட்டது, பெரும்பாலான பி.எச்.டி. திட்டங்கள் இன்றும் அந்த மரபையே பின்பற்றுகின்றன. சிகிச்சைப் பணியை முதன்மையாகக் கொண்ட சைடி என்னும் உளவியல் முனைவர் பட்டத்தை இல்லினாய் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கியது. 1973இல் அதே கொலராடோவின் வேய்ல் (Vail) நகரில் கூடிய மாநாடு அந்த வழியையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. இரண்டு பட்டங்களைக் கொண்டும் உளவியலாளர் உரிமம் பெறலாம். வேறுபாடு அன்றாட வேலையிலும் பணத்திலும் இருக்கிறது. ஆய்வை முதன்மையாகக் கொண்ட பி.எச்.டி. திட்டங்கள் பல, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கு மாதாந்தர உதவித்தொகையும் தருகின்றன. சைடி திட்டங்களில் பெரும்பாலும் மாணவர்தான் கட்டணம் செலுத்த வேண்டும்; தனித்து இயங்கும் தொழிற்கல்வி நிறுவனங்களில் ஒவ்வோர் ஆண்டும் சேரும் மாணவர் எண்ணிக்கை பெரிது, முடிக்கும்போது தலையில் ஏறியிருக்கும் கடனும் பெரிது.

ஆய்வில் உண்மையான ஈடுபாடு இல்லாத ஒருவர், கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பி.எச்.டி.க்கு விண்ணப்பிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. தரவுகளைச் சுத்தம் செய்வதிலும் ஆய்வேடு எழுதுவதிலும் ஆண்டுகள் கழியும் என்பதை அறிந்த பிறகும் மனம் அதை விரும்புகிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. நேரடியாகச் சிகிச்சை அளிப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், சமூகப்பணியிலோ ஆலோசனைத் துறையிலோ முதுகலைப் பட்டம் பெற்று உரிமம் எடுக்கும் வழி குறுகியது. அதில் குறைவு எதுவும் இல்லை. ஆலோசனை உளவியல் முனைவர் திட்டங்களையும் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். அவையும் அங்கீகாரம் பெறுகின்றன. அவற்றில் படித்தவர்களும் அதே உளவியலாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அங்கீகாரமும் பொது அறிக்கையும்

அமெரிக்காவில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரமும், கனடாவில் கனடிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரமும் முக்கியமானவை. இந்த அங்கீகாரம் இல்லாத திட்டத்தில் சேர்ந்தால், பிற்பாடு இன்டர்ன்ஷிப் என்னும் முழுநேரக் களப்பயிற்சி இடம் பெறுவதும் உரிமம் பெறுவதும் பல இடங்களில் கடினமாகும்; சில பணியிடங்களின் கதவு முழுவதுமாகவே மூடிவிடும். இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் திட்டமும் தன் மாணவர் சேர்க்கை, செலவு, படிப்பை முடிக்க ஆகும் காலம், இன்டர்ன்ஷிப் பெற்றோர் விகிதம், இடையில் விலகியோர் எண்ணிக்கை, உரிமம் பெற்றோர் விகிதம் ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். விண்ணப்பிக்க நினைப்பவர்களில் பலர் இந்த அறிக்கையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது, ஏனெனில் விளம்பர வாசகங்கள் சொல்லாதவை அங்கேதான் இருக்கின்றன. அதைப் படிக்கும்போது ஒரே ஓர் ஆண்டின் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், பல ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள். எட்டுப் பேர் சேரும் திட்டத்தில் ஓராண்டு இருவர் விலகினால் அது தற்செயலாக இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் இருவர் விலகுகிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. படிப்பை முடிக்கும் காலம் ஐந்தரை ஆண்டா, ஏழரை ஆண்டா என்பதும் உங்கள் வாழ்க்கையில் இரண்டு ஆண்டு வேறுபாடு. இன்டர்ன்ஷிப் பெற்றவர்களில் எத்தனை பேர் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பெற்றார்கள் என்ற வரியையும் தனியே கவனியுங்கள்.

காலக்கணக்கு

விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். இடம் கிடைத்ததா என்பது பிப்ரவரி, மார்ச்சில் தெரியவரும். நிதியுதவியுடன் கூடிய இடத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் உண்டு என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட நடைமுறை. இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், நெறியாளர்களைத் தேடும் வேலையைக் கோடையிலேயே தொடங்க வேண்டும். செப்டம்பருக்குள் பட்டியல் உருவாகியிருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்துக்குள் பரிந்துரையாளர்களிடம் கேட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண் சான்றுகளை மதிப்பிட்டு அனுப்பும் நிறுவனங்களுக்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஆர்இ தேர்வைப் பல திட்டங்கள் கைவிட்டுவிட்டன. சில திட்டங்கள் இன்னும் கேட்கின்றன. 2023 செப்டம்பர் முதல் தேர்வு நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். உங்கள் பட்டியலில் உள்ள திட்டங்கள் எவை கேட்கின்றன என்று பார்த்த பிறகு எழுதுவதா என முடிவு செய்தால் போதும்.

நெறியாளரைத் தேடுவது

இந்த ஒன்றுக்கு நீங்கள் செலவிடும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து தொடங்காமல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்களை விடாமல் துரத்தும் ஆய்வுக் கேள்வி எது? அதைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து, யார் எழுதுகிறார்கள், அவர்களோடு கடைசிப் பெயராக யார் வருகிறார்கள் என்று பாருங்கள். உளவியல் ஆய்விதழ்களில் கடைசியாக வரும் பெயர் பெரும்பாலும் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவருடையது. பிறகு அவருடைய ஆய்வுக்கூடப் பக்கத்துக்குச் சென்று மூன்றைப் பாருங்கள்: அவர் அண்மைய மூன்று ஆண்டுகளில் எதைப் பற்றி எழுதுகிறார், அவருடைய முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை நம்பி விண்ணப்பித்து, அவர் அந்தத் துறையைவிட்டே போய்விட்டதை நேர்காணலில் தெரிந்துகொள்வது வேதனையானது.

செப்டம்பர் வாக்கில் அவருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பலாம். மாணவர் எடுப்பது பற்றி அவருடைய பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் அதையே மீண்டும் கேட்க வேண்டாம். நீங்கள் யார் என்பதற்கு ஒரு வாக்கியம், இதுவரை செய்த ஆய்வுக்கு இரண்டு வாக்கியம், அவருடைய எந்த வேலை உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்பதற்கு இரண்டு வாக்கியம், வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி, தன்விவரக் குறிப்பின் இணைப்பு. இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்க்கைக் குழு எல்லா விண்ணப்பங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற நியாயத்தால் சில பேராசிரியர்கள் எவருக்குமே பதில் எழுதுவதில்லை.

ஆய்வு அனுபவம் இல்லாமல் நேராகப் பட்டப்படிப்பிலிருந்து பி.எச்.டி.க்குச் செல்பவர்கள் குறைவு. ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓரிரு ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றி, மாநாட்டில் ஒரு போஸ்டராவது வைத்துவிட்டு வருபவர்களே அதிகம். அங்கே செய்யும் வேலையின் அளவைவிட, அதிலிருந்து உங்களுக்கென்று ஒரு கேள்வி பிறந்ததா என்பதே பிற்பாடு பேசும்.

நோக்கக் கட்டுரை

மேற்படிப்புச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் நடத்தி 2006இல் உளவியல் கற்பித்தல் பற்றிய ஓர் ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று, நல்ல மதிப்பெண் பெற்றவர்களின் விண்ணப்பங்களையும் கவிழ்த்துவிடும் குறைகளை வகைப்படுத்தியது. தனிவாழ்க்கைத் துயரங்களை அளவுக்கு மீறிச் சொல்லும் கட்டுரைகள், தவறான ஆட்களிடமிருந்து வாங்கிய பரிந்துரைக் கடிதங்கள், திட்டத்தைப் பற்றிய அறியாமை, பிழைமலிந்த எழுத்து, குழுவைக் கவர எடுக்கும் பொருந்தாத முயற்சிகள் ஆகியவை அதில் இடம்பெற்றன.

இவற்றுள் முதலாவது எனக்கு நெருக்கமானது. என் முதல் வரைவு, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வந்த மனநோயைப் பற்றிய இரண்டு பத்திகளோடு தொடங்கியது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. படித்துப் பார்த்த என் ஆசிரியர் அந்த இரண்டு பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, “இதைப் படித்த பிறகு உன்மீது இரக்கம் வருகிறது, உன் ஆய்வைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதினார். அன்று அது வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நம் துயரம் நம்மை இத்துறைக்கு அழைத்து வந்திருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆயினும் கட்டுரையைப் படிப்பவர் தேடுவது உங்கள் சிந்தனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான சான்றை.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். “சிறுவயது முதலே மனித மனத்தை அறியும் ஆர்வம் என்னுள் இருந்தது, துன்பப்படுபவர்களுக்கு உதவுவதே என் வாழ்நாள் விருப்பம்” என்று ஒருவர் தொடங்குகிறார் என்று வையுங்கள். இந்த வாக்கியத்தை அன்று வந்த எல்லா விண்ணப்பங்களிலும் மாற்றி மாற்றி ஒட்டலாம். அதே நபர் இப்படித் தொடங்கினால்: “நீரிழிவு நோயாளிகளிடம் பி.எச்.க்யூ.-9 என்னும் மனச்சோர்வு வினாப்பட்டியலை வாசித்துக் காட்டும் பணியில் ஓராண்டு இருந்தேன். உறக்கம், களைப்பு, பசி பற்றிய மூன்று முதல் ஐந்து வரையிலான கேள்விகளுக்கு வந்ததும், சர்க்கரை ஏறினால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் சொன்னார்கள். அந்தப் பதிலுக்கு நான் எண்ணைத்தான் குறித்தேன். ஆனால் அந்த எண் மனச்சோர்வை அளக்கிறதா, நோயை அளக்கிறதா என்ற ஐயம் என்னைவிட்டுப் போகவில்லை.” இங்கே ஆர்வம் என்ற சொல்லே வரவில்லை, ஆனால் ஆர்வம் தெரிகிறது. இவர் அடுத்த பத்தியில் அளவைகளின் துல்லியம் பற்றி ஆராயும் ஒரு பேராசிரியரின் பெயரைச் சொல்லும்போது அது இயல்பாகவே பொருந்தும்.

கட்டுரையின் பெரும்பகுதி செய்த ஆய்வையும் செய்ய விரும்பும் ஆய்வையும் பற்றி இருக்கட்டும். ஓர் ஆய்வில் உங்கள் கை எதில் பட்டது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். “ஆய்வுக் குழுவில் பங்காற்றினேன்” என்பதைவிட “நாற்பது நேர்காணல் பதிவுகளைக் குறியீடு செய்தேன், மற்றொரு குறியீட்டாளரோடு உடன்பாடு குறைந்த இடங்களில் விதிகளைத் திருத்தி எழுதினோம்” என்பது எத்தனையோ மடங்கு மேல். சிகிச்சைத் துறை அனுபவத்தைக் கூறும்போது நோயாளியை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வரக்கூடாது; அப்படி ஒரு வரி இருந்தாலே குழுவில் உள்ள உளவியலாளர்கள் அறநெறி தெரியாதவர் என்று முடிவு செய்துவிடுவார்கள். கடைசிப் பகுதியை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக எழுத வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை மற்றொன்றுக்கு அனுப்பிய கட்டுரையில் விட்டுவிடும் தவறு நள்ளிரவில் மிக எளிதாக நேரும். அனுப்புமுன் வேறொருவரைக் கொண்டு பெயர்களை மட்டும் சரிபாருங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக மூன்று கேட்பார்கள். உங்கள் ஆய்வு வேலையை அருகிலிருந்து பார்த்தவர் இருவராவது இருக்கட்டும். பெரும் பதவியில் இருப்பவர் உங்களைப் பற்றி எழுதும் பொதுவான அரைப்பக்கத்தைவிட, உங்களோடு வாரந்தோறும் உட்கார்ந்த இளம் பேராசிரியர் எழுதும் இரண்டு பக்கம் வலுவானது. உறவினர், குடும்ப நண்பர், உங்களுக்குச் சிகிச்சை அளித்தவர் ஆகியோரிடம் கேட்கவே கூடாது. கேட்கும்போது, “எனக்காக வலுவான கடிதம் ஒன்று எழுத இயலுமா” என்றே கேளுங்கள். தயக்கம் தெரிந்தால் நன்றி சொல்லி வேறொருவரிடம் செல்லுங்கள். ஒப்புக்கொண்டவருக்குக் குறைந்தது ஆறு வார அவகாசம் கொடுத்து, தன்விவரக் குறிப்பு, கட்டுரையின் வரைவு, திட்டங்களும் கடைசி நாட்களும் அடங்கிய அட்டவணை ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அமெரிக்க விண்ணப்பப் படிவம் கேட்கும். விட்டுக்கொடுப்பதே வழக்கம், ஏனெனில் மாணவர் படிக்கக்கூடிய கடிதத்தைக் குழுவினர் முழுமையாக நம்புவதில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவை

முனைவர் பயிற்சியின் இறுதியில் ஓர் ஆண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். இதற்குத் தனியே விண்ணப்பித்து, ஆப்பிக் என்ற அமைப்பு நடத்தும், மாணவர்களின் விருப்ப வரிசையையும் பயிற்சி இடங்களின் விருப்ப வரிசையையும் பொருத்திப் பார்க்கும் தேசியப் பொருத்த முறையின் வழியாக இடம் பெற வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகள் இத்தகைய இடங்களை மிகுதியாகத் தருபவை. ஆனால் அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். முனைவர் மாணவர்களுக்கான எஃப்31 என்ற தேசிய ஆய்வு நல்கைக்கும் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ தேவை. இவற்றால் வெளிநாட்டு மாணவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அவர்கள் ஆண்டுதோறும் சேர்கிறார்கள், முடிக்கிறார்கள். ஆனால் “உங்கள் திட்டத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் பெற்றார்கள்?” என்ற கேள்வியை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே முதுகலையோ எம்.ஃபில்லோ முடித்தவர்கள், தங்கள் பாடங்கள் கணக்கில் கொள்ளப்படும் என்று எண்ணிக் காலத்தைக் குறைத்துக் கணக்கிட வேண்டாம். பல திட்டங்கள் ஓரிரு பாடங்களுக்கு மேல் விலக்கு அளிப்பதில்லை.

நேர்காணல்

நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், தாளில் உள்ள தகுதி போதும் என்று ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். இனி அவர்கள் பார்ப்பது, நீங்கள் பேசும் அளவுக்கு யோசித்திருக்கிறீர்களா என்பதையும், பல ஆண்டுகள் உடன் வேலை செய்யத்தக்கவரா என்பதையும். ஒரே நாளில் நெறியாளர், வேறு பேராசிரியர்கள், மூத்த மாணவர்கள் என்று பலரைச் சந்திப்பீர்கள். உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், “அந்த முடிவு எதிர்மாறாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்ற வகையான கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டறியலாம் என்று யோசித்துக் காட்டுபவரை ஆய்வாளர்களுக்குப் பிடிக்கும்.

மூத்த மாணவர்களோடு பேசும் நேரம் ஓய்வு நேரமன்று, அதுவும் மதிப்பிடப்படுகிறது. அதே சமயம் உங்களுக்கு மிகப் பயனுள்ள நேரமும் அதுதான். நெறியாளர் வரைவுகளை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார், உதவித்தொகையில் அந்த ஊரில் வாழ முடிகிறதா, கோடைக்கும் தொகை வருகிறதா, யாராவது ஆய்வுக்கூடம் மாறிப் போனார்களா என்று கேளுங்கள். பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் தயக்கத்தை நன்கு கவனியுங்கள். நான் ஒருமுறை கடைசிக் கேள்வியைக் கேட்டபோது இரண்டு மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு ஒருவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அந்த இடம் எனக்குக் கிடைத்தும் நான் ஏற்கவில்லை.

முடிவுகள் வரும்போது

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் அது பண்பான மறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஏப்ரல் 15ஐ ஒட்டிய நாட்களில் அந்தப் பட்டியல் உண்மையாகவே நகர்கிறது. உங்கள் ஆர்வம் மாறவில்லை என்று நெறியாளருக்கு ஒருமுறை எழுதலாம். வாரந்தோறும் எழுத வேண்டாம். எங்கும் கிடைக்காவிட்டால், நேர்காணல் வரை சென்ற இடங்களில், அடுத்த ஆண்டுக்கு எதை வலுப்படுத்தலாம் என்று பணிவாகக் கேளுங்கள். நிதியுதவி தரும் திட்டங்களில் நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து ஒற்றை இலக்கத்திலோ அதைச் சற்றுத் தாண்டியோதான் மாணவர் சேர்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் முறையில் இடம் பெற்றவர்கள் இத்துறையில் நிறைய இருக்கிறார்கள். அழைப்பே வராத ஆண்டு என்றால் பட்டியலையும் கட்டுரையையும் திருத்த வேண்டும். அழைப்பு வந்தும் இடம் வராத ஆண்டு என்றால் பேச்சைத் திருத்தினால் போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தால், கையில் இரண்டுக்கு மேல் வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கப்போவதில்லை என்று தெரிந்த அன்றே நெறியாளருக்கு இரண்டு வரி எழுதி விடுவியுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அன்று மாலையே தொலைபேசி வரக்கூடும்.